40 ஹெர்ட்ஸ் போதை

சேல்ஸ் வேலை என்றாலே மூக்கைச் சுளிப்பவர்களை ஒரே ஒரு நாள் என் பைக்கில் ஏற்றி அறந்தாங்கிப் பக்கம் அரிசி ஆலைக்குக் கூட்டிப் போகணும். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ், இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி., சென்சார் விற்கிறவன் நான். இதைவிடக் குஷியான பிழைப்பு உண்டா, சொல்லுங்கள்!

கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். நெல் அவியும் வாசம், மூக்கில் ஏறும் உமித்தூசி, பாய்லர் ஓரம் 30 எச்.பி. மோட்டாரில் ஓவென்று கத்தும், புகையை இழுக்கும் ஐ.டி. ஃபேன். காற்று அதிகமென்று வழியை அடைக்கும் டேம்பரைப் பாதி மூடியிருக்கிறார்கள். மோட்டாரோ முழு வேகத்தில்! ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே பிரேக் பிடிக்கிற கதை.

"டேம்பரை முழுசாத் திறக்கச் சொல்லுங்கண்ணே."

"தம்பி, பாய்லர் அணைஞ்சிறாதே?"

திறந்தார்கள். நான் மாட்டியிருந்த டிரைவின் குமிழைத் திருகத் திருக 50, 47, 44, ஃபேனின் கத்தல் முனகலாக இறங்குது, தணல் அசையவில்லை, புகை ஒழுங்காகப் போகுது, எனக்கோ நெஞ்சு படபடன்னு அடிக்குது, 40 ஹெர்ட்ஸில் நிறுத்தினேன், வயர்மேன் டாங் டெஸ்டரை உள்வரும் கேபிளில் மாட்டினார், முப்பதுக்கு மேல் காட்டிய ஆம்பியர் இருபதுக்குக் கீழே, ஐயோ, இருபதுக்குக் கீழே! "மீட்டர் பழுதா?" என்று முதலாளி வேறொரு டெஸ்டர் கொண்டுவரச் சொன்னார், அதுவும் அதையே காட்டியது, நான் வெட்கமே இல்லாமல் மூட்டைகளுக்கு நடுவே குதித்தேன்! ஃபேனுக்கு மின்தேவை வேகத்தின் மும்மடியில் குறையும், வேகம் 80 சதவீதம் என்றால் மின்சாரம் ஏறக்குறைய 51 சதவீதம். பரீட்சைக்கு உருப்போட்ட சூத்திரம் உமித்தூசிக்கு நடுவே உயிரோடு நிற்கிறது! "எஃப்.டி. ஃபேனுக்கும் ஒண்ணு போடுவமா?" என்றார் முதலாளி, காற்றை உள்ளே தள்ளும் ஃபேனைக் காட்டி. கட்டிப்பிடிக்காத குறைதான்.

பில் பணம் வர ஆடி போய் ஆவணி ஆகும், அதை விடுங்கள். மாத்தூரில் பெல் நிறுவனத்துக்கு ஃபேப்ரிகேஷன் செய்யும் பட்டறைகளுக்கு வாருங்கள். ரிலேயோடு மல்லுக்கட்டியே தலை நரைத்த எலக்ட்ரீஷியன் பி.எல்.சி. திரையில் லேடர் படத்தைப் பார்த்து, "அட, நம்ம ரிலே சர்க்யூட்தானே இது!" என்று விரல் வைக்கிற அழகு இருக்கிறதே! அவரைப் போன்றவர்களுக்குப் புரியணும் என்றுதான் அப்படியே வடிவமைத்தார்கள். அமெரிக்காவில் டிக் மார்லி கூட்டத்தார் 1968-இல் தொடங்கிய மோடிகான் பி.எல்.சி. வேலை மாத்தூர் வரை வந்து நிற்கிறது, நினைத்தாலே புல்லரிக்கிறது.

நாளைக்குக் கோட்டைப்பட்டினத்தில் ஒரு ஐஸ் கம்பெனி. கம்ப்ரசரிடம் இந்த மும்மடிக் கணக்கு பலிக்காது, தெரியும். கூலிங் டவர் ஃபேன் இருக்கிறதே!