பறிக்காத பூவின் ரசனை

திருச்சிக்காரரின் பூ ரசனை பெரும்பாலும் பறித்த பூவைச் சார்ந்தது. தொண்டரடிப்பொடி ஆழ்வார் நந்தவனம் அமைத்து அரங்கனுக்கு மாலை தொடுத்த ஊர் ஸ்ரீரங்கம். இன்றும் இங்கே பூவுக்கு மதிப்புப் போடுவது சரமாகவும் முழமாகவும்தான். இந்தப் பழக்கத்தோடு ஒருவர் காட்டூர் வீட்டு பால்கனியில் ஹோயா கொடியை வளர்க்கத் தொடங்கினால் முதலில் ஏமாற்றம்தான் மிஞ்சும். தினமும் பூக்காது, பூத்தாலும் தலையில் சூட முடியாது, கொத்தைக் காம்போடு கிள்ளினால் அடுத்த பூப்பும் போய்விடும். ஏனென்றால் பல ஹோயாக்கள் பூ உதிர்ந்த பின்னும் அந்தக் குட்டைக் காம்பை விடாமல் வைத்திருந்து, மறுபடி அதிலேயே மொட்டு விடுகின்றன. ஹோயாவை ரசிப்பதன் முதல் பாடம் இந்தக் காம்பிலேயே இருக்கிறது. செடியிலேயே விட்டு, கிட்டப் போய், பொறுமையாகப் பார்க்க வேண்டிய பூ இது. அப்படிப் பார்க்கும் கண் வந்த பிறகுதான் வளர்ப்பதும் கைவரும்.

இது எங்கிருந்தோ வந்த அந்நியச் செடி, நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பெயர் அந்நியம்தான்: இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் தோட்டத்தைப் பராமரித்த தாமஸ் ஹோய் என்பவரைப் பாராட்டி, தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1810-இல் சூட்டியது. குடும்பமோ நமக்கு நன்கு தெரிந்தது. எருக்கு, வேலிப்பருத்தி, நன்னாரி, சிறுகுறிஞ்சான் எல்லாம் இதன் உறவுகள். பிள்ளையார் சதுர்த்திக்கு மாலையாகக் கோக்கும் எருக்கம்பூவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஐந்து இதழ்கள், நடுவில் மெழுகில் வார்த்ததுபோல் ஒரு மகுடம். மகரந்தம் அங்கே தூளாக இருக்காது. இரண்டிரண்டு சிறு பொதிகளாகக் கட்டி, ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும். தேன் குடிக்க வரும் கருவண்டின் காலில் அந்தக் கொக்கி சிக்கி, பொதி அடுத்த பூவுக்குப் பயணமாகும். ஹோயாவின் நட்சத்திரப் பூவிலும் இதே ஏற்பாடுதான், அளவு மட்டும் சிறியது. இந்த அமைப்பைப் படிக்க வெளிநாட்டுப் புத்தகம் தேவையில்லை. தஞ்சாவூர் சாலை ஓரத்துப் புறம்போக்கில் நிற்கும் எருக்கஞ்செடியும், ஒரு கைலென்சும் போதும்.

உறவு மட்டுமில்லை, ஹோயாவே நம் மலைகளில் உண்டு. மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் வைட், தென்னிந்திய ஹோயாக்களுக்குப் பெயரிட்டு விவரித்தவர்களில் முக்கியமானவர். ஹோயா ஓவலிஃபோலியா 1834-இல் அவரும் தாவரவியலாளர் ஆர்னட்டும் வெளியிட்டது. ஹோயா வைட்டீ அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. அவருக்காகத் தாவரங்களை வரைந்த ரங்கையாவும் கோவிந்துவும் இந்திய ஓவியர்கள். கன்னியாகுமரியின் பெயரைத் தாங்கிய ஹோயாவும் ஒன்று இருக்கிறது. இந்த மரபின் தொடர்ச்சி திருச்சியிலேயே உண்டு. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், புனித வளனார் கல்லூரியில், கே. எம். மேத்யூ அடிகளார் 1967-இல் தொடங்கிய ராபினட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. தமிழகச் சமவெளித் தாவரங்களையும் பழனி மலைத் தாவரங்களையும் அவர் தொகுத்த பெருநூல்கள் அங்கிருந்துதான் உருவாயின. ஆகவே செடிக்குச் சரியான பெயர் தெரிந்து வளர்ப்பது வெறும் படாடோபம் ஆகாது. பெயர் தெரிந்தால் அது பிறந்த காடு தெரியும். காடு தெரிந்தால் அதற்கு வேண்டிய வெயிலும் நீரும் தெரியும்.

அடுத்த ஆட்சேபம் கடுமையானது: அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் இது பிழைக்குமா? எல்லா ஹோயாவும் பிழைக்காது. இமயமலைக் குளிரில் பிறந்த லீனியாரிஸை இங்கே வாங்குவது வீண் செலவு. பிலிப்பைன்ஸ் தாழ்நிலத்துப் பூபிகேலிக்ஸும், பரவலாகக் கிடைக்கும் கார்னோசாவும் தொடக்கக்காரருக்குத் தோதானவை. பெரும்பாலான ஹோயாக்கள் மரப்பட்டையைப் பற்றி வாழ்பவை. வேருக்கு நீரைவிடக் காற்றே முக்கியம். செம்மண்ணை அடைத்த தொட்டியில் அவை வெயிலால் சாவதைவிட வேர் அழுகிச் சாவதே அதிகம். தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, செங்கல் ஜல்லி ஆகியவற்றோடு கொஞ்சம் மண்புழு உரம்: நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் இந்தக் கலவை போதும். கிழக்குப் பார்த்த பால்கனி நல்லது. மொட்டைமாடி என்றால் பச்சை நிழல்வலைக்குக் கீழே, ஆடிக் காற்று நேராக அடிக்காத மூலையில் தொங்கவிட வேண்டும். கலவை காய்ந்த பிறகே நீர். உப்பு ஏறிய போர் தண்ணீர் வரும் வீடுகளில் பிடித்து வைத்த மழைநீர் நல்லது. இலையடியில் மாவுப்பூச்சி தெரிந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல்.

இரண்டு மூன்று ஆண்டு காத்திருந்து பூ பார்ப்பதைவிட ஒரு மல்லிப் பதியன் மேல் இல்லையா என்ற கேள்விக்கும் நியாயம் உண்டு. பூஜைக்கும் கூந்தலுக்கும் மல்லிதான். அதில் போட்டியே இல்லை. காத்திருக்கும் காலத்தில் ஹோயா தருவது வேறு. இலையே இல்லாமல் நீளும் வெற்றுக் கொடியைக் காய்ந்ததென்று பலர் வெட்டிவிடுகிறார்கள். இலை பின்னால்தான் வரும், விட்டுவைக்க வேண்டும். மொட்டு வைத்த தொட்டியை இடம் மாற்றினால் மொட்டு உதிரக்கூடும். மாலையில் மணம் ஏறும், இதழ் நடுவே தேன் துளிர்க்கும். இவற்றைக் கவனிக்கப் பழகுவதே இந்தக் கலையில் பாதி. விலையைக் காட்டிப் பயமுறுத்துவது வண்ண இலை ரகங்கள். அவை தேர்ந்தவர்களின் மோகம். அதேபோல் இதய வடிவ ஒற்றை இலையைச் சிறு தொட்டியில் நட்டு விற்பார்கள். கணு இல்லாத அந்த இலை வேர்விட்டு வருஷக்கணக்கில் பச்சையாக நிற்கும், கொடியாக மட்டும் ஆகாது. அதை வாங்காதீர்கள். காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடியையும் வாங்காதீர்கள். நம் மலை ஹோயாக்கள் மலையிலேயே இருக்கட்டும். நர்சரியில் இரண்டு கணுவுள்ள, பெயர் தெரிந்த ஒரே ஒரு தண்டை வாங்கிக் கட்டுங்கள். அது பூக்கும்வரை இரண்டாவது ஹோயா வேண்டாம்.