கையால் வெட்டிய சீட்டு

புதிதாக ஒரு சீட்டு விளையாட்டு மனசில் தோன்றிவிட்டால் நான் முதலில் தேடுவது கத்தரிக்கோலைத்தான். சீட்டு ஒன்று ஏறக்குறைய 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம். அந்த அளவில் ஓர் ஏ4 தாளில் ஒன்பது சீட்டு அடங்கும். 300 ஜி.எஸ்.எம். அட்டையென்றால் கையில் விறைப்பாக நிற்கும். மெல்லிய தாளென்றால் வெளிச்சத்தில் பின்பக்கம் வழியாகவே எழுத்து தெரிந்துவிடும்.

ரகசியம்தான் சீட்டின் உயிர். ஒரு மூலை மடங்கினாலும், ஓரம் ஒரு மில்லிமீட்டர் நீண்டாலும், நாலாவது ஆட்டத்துக்குள் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்வார்கள். அதனால் இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, பிளேடை இரண்டு மூன்று முறை மெதுவாக ஓட்ட வேண்டும். கூரான மூலைகளை நகவெட்டியால் வளைவாக நறுக்கினால் சீட்டு சீக்கிரம் பிசிறாது.

இன்னொரு வழியும் உண்டு. பின்பக்கம் ஒளி புகாத பிளாஸ்டிக் உறையில் பழைய சீட்டு ஒன்றைப் போட்டு, அதன் முன்னால் நாம் எழுதிய தாளைச் செருகிவிடலாம். விதி மாறினால் தாளை மட்டும் மாற்றினால் போதும். ஆடி ஆடித் திருத்தினால்தானே விளையாட்டு உருப்படும்!

துண்டுத்தாளில் ராஜா, ராணி, போலீஸ், திருடன் எழுதி, மடித்துக் குலுக்கிப் போட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு கட்டு வெட்டிப் பாருங்கள்.