மீட்பின் நடுவே மீண்டும் வீழ்ந்தால்: ஏரீஸ், போஸ்ட்கிரெஸ் – ஒரு மதிப்பீடு

தரவுத்தளம் திடீரென நின்றுபோனால், மாற்றங்களை முன்னதாகவே எழுதிவைத்த லாக் பதிவேட்டை மறுபடி ஓட்டி அதை மீட்கிறோம். அந்த மீட்பு முடிவதற்குள் மீண்டும் மின்சாரம் போனால்? "திரும்ப ஓட்டலாம், முடிவு மாறாது" என்பதே வழக்கமான பதில். அது பாதிப் பதில்தான். முடிவு பிழையின்றி வருவது வேறு. வேலை முன்னேறுவது வேறு.

1992இல் சி. மோகனும் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் நால்வரும் வெளியிட்ட ஏரீஸ் கட்டுரை இரண்டையும் கருத்தில் கொண்டது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாகச் சேர்ந்த மாற்றத்தின் பதிவு எண் இருப்பதால், ஒரே மாற்றம் இருமுறை சேராது. முடிவடையாத பரிவர்த்தனையைப் பழைய நிலைக்குத் திருப்பும்போது, திருப்பியதும் பதிவேட்டில் ஏறும். எத்தனை முறை வீழ்ந்தாலும் அவ்வேலை பெருகாது. மீட்பின் நடுவிலும் சோதனைப்புள்ளி இடலாம் என்பது அதன் தனிச்சிறப்பு.

இன்று பரவலாகப் பயன்படும் போஸ்ட்கிரெஸ் இவ்விடத்தில் பின்தங்குகிறது. அதன் துணை வழங்கி, பதிவேட்டை ஓட்டும்போது மறுதொடக்கப் புள்ளிகளை இடுகிறது. ஆனால் முதன்மை வழங்கியின் சோதனைப்புள்ளிப் பதிவு உள்ள இடத்தில் மட்டுமே அவற்றை இட முடியும். வீழ்ந்த வழங்கியோ கடைசிச் சோதனைப்புள்ளிக்குப் பிந்தைய பதிவுகளை ஓட்டுகிறது. அவற்றுள் புதிய சோதனைப்புள்ளி இராது. எனவே மீட்பு முடியும் தறுவாயில் வீழ்ந்தாலும் முதலிலிருந்தே ஓட வேண்டும்.

இது கவனக்குறைவன்று. ஒரு பக்கத்தை வட்டில் எழுதும் நடுவே மின்சாரம் போனால், அது பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கிழிந்துவிடும். அதைச் சரிசெய்யவே, சோதனைப்புள்ளிக்குப் பின் ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது அதன் முழுப் படியும் பதிவேட்டில் வைக்கப்படுகிறது. நடுவிலிருந்து ஓட்டினால் அப்படிகள் விடுபடும். மைசீக்குவெலின் இன்னோடிபி பக்கங்களை முதலில் வேறோரிடத்தில் எழுதிவிட்டுப் பின்னரே உரிய இடத்தில் எழுதுகிறது. அத்தகைய காப்பு இருந்தால் இந்தத் தடை நீங்கும்.

வேகத்துக்காகச் சோதனைப்புள்ளிகளின் இடைவெளியைக் கூட்டினால் மீட்பு நேரமும் நீளும். அப்போது கண்காணிப்பு மென்பொருள் ஒன்று, குறித்த நேரத்துக்குள் எழவில்லையென வழங்கியை நிறுத்தி நிறுத்தித் தொடங்கினால், தரவு பத்திரமாக இருந்தும் சேவை எழவே எழாது. ஆகவே ஒரு மீட்பு முறையை மதிப்பிடும்போது, சரியாக முடியுமா என்பதோடு, தடைபட்டுக்கொண்டே இருந்தாலும் முடியுமா என்றும் கேட்க வேண்டும்.