தூத்துக்குடிக் கார்பன் பிடிப்பும் அமீன் கரைப்பானின் நிலைப்புத்தன்மையும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தூத்துக்குடிக் கார்பன் பிடிப்புத் திட்டம் டன் ஒன்றுக்கான செலவைக் கொண்டே பெரிதும் போற்றப்பட்டது. கரைப்பானின் வேதி நிலைப்புத்தன்மையைச் சேர்க்காத செலவுக் கணக்கு முழுமையற்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: கார்பன் பிடிப்பு, அமீன், ஆக்சிஜனேற்றச் சிதைவு, வெப்பச் சிதைவு, தூத்துக்குடி.

முன்னுரை

தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்துச் சோடா சாம்பல் தயாரிக்கும் திட்டம் 2016இல் செயல்பாட்டுக்கு வந்தது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற இருவர் தொடங்கிய கார்பன் கிளீன் சொல்யூஷன்ஸ் நிறுவனம் தொழில்நுட்பத்தை வழங்கியது. ஆண்டுக்கு 60,000 டன், அரசு மானியம் இல்லை, டன்னுக்கு ஏறத்தாழ 30 டாலர் என்னும் செய்திகள் 2017 சனவரியில் உலகக் கவனம் பெற்றன. இவற்றுள் 30 டாலர் என்பது நிறுவனத்தின் கூற்று. அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இங்கு எழும் வினா.

சிதைவின் மூன்று வழிகள்

அமீன் கரைசல் புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏறத்தாழ 40 முதல் 60 பாகை செல்சியசில் உறிஞ்சுகிறது. ஏறத்தாழ 120 பாகையில் அதனை விடுவித்து மீண்டும் பயன்பாட்டுக்கு வருகிறது. 1930இல் பாட்டம்ஸ் காப்புரிமை பெற்ற காலந்தொட்டு இச்சுழற்சியே இத்தொழில்நுட்பத்தின் அடிப்படை. ஒவ்வொரு சுழற்சியிலும் கரைப்பானின் ஒரு பகுதி மீளாமல் அழிகிறது.

முதலாவது, ஆக்சிஜனேற்றச் சிதைவு. எத்தனால் அமீன் அம்மோனியாவாகவும் ஃபார்மேட், ஆக்சலேட் போன்றவையாகவும் மாறுகிறது. கரைசலில் கலந்த இரும்பும் செம்பும் இவ்வினையை விரைவுபடுத்துகின்றன. இரண்டாவது, வெப்பச் சிதைவு. விடுவிப்புக் கோபுரத்தின் சூட்டில் கார்பமேட் வளையச் சேர்மமாகி, பின் பிற அமீன் மூலக்கூறுகளுடன் இணைந்து பெருமூலக்கூறுகளாகிறது. மூன்றாவது, புகையிலுள்ள கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளால் சூட்டிலும் பிரியாத உப்புகள் உருவாதல்.

‘சிதைவு’ என்னும் ஒரே சொல்லால் இவற்றைச் சுட்டுவது போதாது. முதலாவதற்கு இரும்பைக் கட்டுப்படுத்த வேண்டும். இரண்டாவதற்கு வெப்பநிலையைக் குறைக்க வேண்டும். மூன்றாவதற்குப் புகையை முன்னரே தூய்மைப்படுத்த வேண்டும். தீர்வுகள் வேறாதலால் செலவுகளும் வேறாகின்றன.

செலவுக் கணக்கின் குறை

டன் ஒன்றுக்கு 1.5 கிலோ எத்தனால் அமீன் இழப்பு என்பது திட்ட மதிப்பீடுகளில் பரவலாகக் கொள்ளப்படும் அளவு. இதன்படி 60,000 டன்னுக்கு ஆண்டுக்கு 90 டன் கரைப்பான் இழக்கப்படும். அதனை ஈடுசெய்வதும் கழிவை அகற்றுவதும் செலவே. தூத்துக்குடியில் பயன்படுவது எத்தனால் அமீன் அன்று. அமீன் ஊக்கிய தாங்கல் உப்பு வகைக் கரைப்பான். அது அரிமானம் குறைந்தது என நிறுவனம் கூறியது. இக்கூற்றுக்கு வேதியியல் பொருத்தம் உண்டு: அரிமானம் குறைந்தால் கரைசலில் இரும்பு குறையும், ஆக்சிஜனேற்றமும் தளரும். ஆயின் அரிமானக் குறைவு வெப்பச் சிதைவுக்கோ உப்பாக்கத்துக்கோ விடையாகாது.

கனடாவின் பவுண்டரி டாம் நிலையம் இதற்குச் சான்று. 2014இல் தொடங்கிய அங்கு, நிலக்கரிச் சாம்பல் கலப்பும் எதிர்பார்த்ததைவிட மிகுந்த அமீன் சிதைவும் தொடக்க ஆண்டுகளில் இடர்ப்பாடாயின. ஆய்வகத்தின் தூய வாயுவில் நிலைத்த கரைப்பான் கொதிகலன் புகையிலும் அவ்வாறே நிலைக்கும் எனக் கொள்ள இயலாது.

இது பணத்தோடு முடிவதன்று. சிதைவில் உருவாகும் இரண்டாம் நிலை அமீன்கள் நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் வினைபுரிந்து நைட்ரோசமீன்களைத் தரக்கூடும். அவற்றுட் பல புற்றுநோய் விளைவிக்க வல்லவை. நார்வேயின் மோங்ஸ்டாட் திட்டத்தில் இது பொதுநலக் கேள்வியாகவே எழுந்தது.

முடிவுரை

மானியமின்றி இயங்கியமை தூத்துக்குடித் திட்டத்தின் மெய்யான சிறப்பு. எனினும் பிடித்த டன், டன்னுக்கான செலவு என்னும் இரண்டோடு, டன்னுக்கான கரைப்பான் இழப்பு, சிதைவுப் பொருள்களின் அளவு என்னும் இரண்டும் சேர்ந்தாலன்றி மதிப்பீடு நிறைவுறாது. தமிழ் அறிவியல் எழுத்தும் இந்நான்கையும் ஒருங்கே கேட்டல் வேண்டும்.