மந்திரவாதியின் கட்டு: காத்தவராயன் கூத்தும் மேசை விளையாட்டும்

மந்திரத்துக்கு இலக்கணம் கூறவந்த தொல்காப்பியர் அதனைச் செய்யுளியலில் வைத்துப் பேசுகின்றார். நிறைந்த சொல்லுடையோர் தம் ஆணையாற் கூறும் மறைபொருட் சொல்லே மந்திரம் என்பது அவர் கருத்து. இவ்விலக்கணத்திற் சொல்லுக்கு முன்னாற் சொல்வோன் வைக்கப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. மந்திரவாதிப் பாத்திரம் ஒன்றைப் படைக்க முற்படுவோர் பெரும்பாலும் அவன் என்னென்ன செய்யவல்லான் என்றே எண்ணத் தொடங்குவர். அவனை எது கட்டுகின்றது என்பதே முதலில் எழவேண்டிய வினா. வன்னியில் ஆடப்பெறும் காத்தவராயன் கூத்தையும் மேலைநாட்டு மேசை விளையாட்டொன்றையும் ஒப்புநோக்கி இதனை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டினைப் பற்றி முதலிற் சில சொல்லவேண்டும். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, கதைநடத்துநர் ஒருவர் விவரிக்கும் உலகில் வாய்மொழியாலேயே நடிப்பர். ஐயம் நேருமிடத்துப் பகடை தீர்ப்புக் கூறும். 1974 இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்போர் வெளியிட்ட டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் இவ்வகையில் முன்னோடி. அதன் தொடக்ககால மந்திரவாதி பட்டியலொன்றிலிருந்து மந்திரங்களைத் தெரிந்து மனனஞ் செய்துகொண்டான். ஒருமுறை உச்சரித்ததும் அம்மந்திரம் நினைவினின்றும் அகன்றது. ஜக் வான்ஸ் என்ற நாவலாசிரியரின் கற்பனையிலிருந்து பெறப்பட்ட முறை இது. 1987 இல் ஜொனதன் ருவீற், மார்க் றைன்ஹேகன் ஆகியோர் ஆக்கிய ஆர்ஸ் மஜிக்கா வேறு வழியிற் சென்றது. ஆக்கல், அறிதல், மாற்றல், அழித்தல், ஆளல் என ஐந்து வினைகள். விலங்கு, நீர், காற்று, உடல், செடிகொடி, தீ, தோற்றம், மனம், மண், மந்திர ஆற்றல் எனப் பத்துப் பொருள்கள். வினையொன்றும் பொருளொன்றும் சேர மந்திரம் பிறக்கும். அழித்தலும் தீயும் சேர்ந்தால் விளக்கு அணையும். ஆளலும் விலங்கும் சேர்ந்தால் வயலுக்குள் இறங்கிய யானை திரும்பிப் போகும். ஐம்பது இணைகளுள் எதனையும் நின்ற நிலையிலேயே கையாளலாம்.

இவ்வமைப்பு நமக்குப் புதியதன்று. வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருடணம், பேதனம், வித்துவேடணம், மாரணம் என நம் மாந்திரிக நூல்கள் கூறும் அட்டகருமங்கள் யாவும் வினைகளே. அரச வசியம், பெண் வசியம், விலங்கு வசியம், பகை வசியம் என்றவாறு அவை பொருளோடு சேர்ந்து விரியும். வன்னிக் கிராமங்களிற் காட்டுக்குப் போவோர் கூறும் ‘வாய்க்கட்டு’, தம்பனமும் விலங்கும் சேர்ந்த ஓர் இணையேயாகும். ‘கட்டு’ என்ற அச்சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

இத்தகைய நெகிழ்ச்சியான முறையிற் பாத்திரம் ஆக்குவோருக்கு எல்லாம்வல்லவன் ஒருவனை ஆக்கும் ஆசை எழுவது இயல்பு. விடுதி அறையொன்றில் நானும் நண்பரும் இதனை ஆடத் தொடங்கியபோது எமக்கும் அவ்வாசையே எழுந்தது. 2004 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின்படி, பதினைந்து ஆண்டுக் குருகுலவாசத்தை முடித்த மந்திரவாதிக்கு அக்காலப் பயிற்சியாக 240 புள்ளிகள் கிடைக்கும். ஒரு கலையை 5 ஆம் படிக்கு உயர்த்த 15 புள்ளிகளும் 10 ஆம் படிக்கு உயர்த்த 55 புள்ளிகளும் வேண்டும். ஐந்து வினையையும் பத்துப் பொருளையும் நாம் 5 ஆம் படிக்கே உயர்த்தினோம். 225 புள்ளிகள் தீர்ந்தன. எச்செயலுக்கும் வினையும் பொருளும் கூடி வருவது 10. முன்னே கற்றிராத மந்திரத்தை அவ்விடத்திலேயே ஆக்கினால், உடற்சோர்வை ஏற்றும் பெறுபேறு பாதியாகும். சோர்வை ஏற்காவிடின் ஐந்திலொன்றாகும். ஒரே வினையையும் ஒரே பொருளையும் 10 ஆம் படிக்கு உயர்த்தியவனுக்கோ 110 புள்ளிச் செலவிற் கூட்டுத்தொகை 20 கிடைக்கும். எம் மந்திரவாதி எல்லாவற்றிலும் சிறிது வல்லவனாய், எதிலும் துணிந்து இறங்க இயலாதவனாய் நின்றான். அதனினும் பெரிய குறை வேறொன்று. எந்த இக்கட்டிலும் அவனுக்கு ஏதோ ஒரு சிறுவழி இருந்தமையால் அவன்பொருட்டு எவரும் அஞ்சவில்லை.

அன்று எம்முள் ஒருவர், ஆக்கலையும் உடலையும் சேர்த்து இறந்தாரை எழுப்பலாமா என்று வினவினார். அவர் 2009 இல் முள்ளிவாய்க்காலிற் தந்தையை இழந்தவர். இறந்தவனுக்கு மெய்யுயிரை மீட்டளிக்க மந்திரத்தால் இயலாது என்பது விளையாட்டின் வரம்புகளுள் ஒன்று. நூலை விரித்து அவ்வரம்பை வாசித்தபின் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. அதுவரை நாம் கூட்டிக் கழித்த புள்ளிகளுள் ஒன்றேனும் அம்மௌனத்துக்கு ஈடாகும் ஒரு பாத்திரத்தைத் தந்ததில்லை என்பதை அப்போதே உணர்ந்தேன். இயலாமையே பாத்திரத்தின் தொடக்கம்.

காத்தவராயன் கூத்து இவ்வுண்மையை அறிந்து ஆக்கப்பட்டது. சிந்துநடையில், உடுக்கொலியோடு, பெரும்பாலும் அம்மன் கோயில் நேர்த்தியாக இரவிரவாக ஆடப்பெறும் இக்கூத்திற் காத்தான் மாயவித்தையில் வல்லவன், நினைத்த உருவெடுப்பவன். ஆரியப்பூமாலையை மணக்க விழைந்து, தாய் முத்துமாரி விதிக்கும் அரிய நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றுகின்றான். ஆயின் தாயின் சொல்லை மீறிச் செல்ல அவனிடம் மந்திரமில்லை. இறுதியிற் கழுமரம் அவனுக்காகக் காத்திருக்கின்றது. விடியற்காலையிற் கழுவேறும் காட்சிக்காகப் பிள்ளைகளைத் தட்டியெழுப்பும் தாய்மார் அவன் கற்ற வித்தைகளை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. எத்தனையோ உருவெடுத்தவன் தன் சொந்த உருவிற் கழுமரத்தடியில் நிற்கின்றான் என்பதே அவர்களை விழித்திருக்கச் செய்கின்றது.

ஆடுமுறையிலும் ஓர் ஒப்புமையுண்டு. கூத்திற் காத்தான் என்ற ஒரு பாத்திரத்தைப் பாலப்பருவம் முதலாகப் பல நடிகர் மாறிமாறி ஏற்பர். ஆர்ஸ் மஜிக்காவில் ஒருவரே மந்திரவாதி, தோழன், காவலாள் எனப் பல பாத்திரங்களை ஏற்பார். திசை எதிராயினும் பயன் ஒன்றே: பாத்திரம் ஒருவரின் தனியுடைமையாகாது குழுவின் பொதுச்சொத்தாகின்றது.

வேற்றுமையையும் மறைத்தலாகாது. விளையாட்டின் வரம்புகளுட் பல இயற்கைவிதிபோல் எழுதப்பட்டவை. பாத்திரத்தின் தனிக்குறைகளோ பேரத்துக்குரியன. பத்துப் புள்ளிவரை குறைகளை ஏற்று அவ்வளவுக்கு நிறைகளைப் பெறலாம் என்பது விதி. இதனால், தன்னை ஒருபோதும் உறுத்தாத குறையைத் தேடியெடுத்து நிறையை வாங்கும் சாமர்த்தியம் வளர்கின்றது. விலைபேசி வாங்கிய குறை கட்டாகாது. கூத்தின் கட்டோ உறவிலும் சமூகத்திலும் வேர்கொண்டது. காத்தானுக்கும் ஆரியமாலைக்கும் இடையே நிற்பது சாதி. எவ்வுருவும் எடுக்கவல்லவனாலும் கடக்கவியலாத வேலி அது.

இவ்விடத்துக் கூத்தையும் விமர்சிக்க வேண்டியுள்ளது. காத்தானைத் தெய்வத்தின் மகனாக்குவதன்மூலம் கதை தான் எழுப்பிய வினாவைத் தானே தணித்துவிடுகின்றது. தெய்வப்பிறப்பு இல்லாத ஒருவன் அவ்வேலியைத் தாண்ட முனைந்தால் அவனுக்குக் கழு மாத்திரமே எஞ்சும். கழுவைக் கண்டு கலங்கும் அவை அக்கழுவை நட்டது யார் என்று வினவாது வீடு திரும்புமாயின், கலைஞர் வென்றார், கதை தோற்றது எனலாம்.

பின்னர் நாம் வேறொரு பாத்திரம் ஆக்கினோம். வன்னிக் குளமொன்றின் கீழ் வாழும் விடகடிப் பரிகாரியார் அவர். அறிதல், ஆளல், உடல், விலங்கு ஆகிய நான்கில் மாத்திரம் பயிற்சி. நம் ஊர்களில் இத்தகையோரைப்பற்றிச் சொல்லப்படும் இரு நியதிகளை அவருக்குக் கட்டாக வைத்தோம்: எவர் எந்நேரம் அழைப்பினும் போகவேண்டும், வெற்றிலை பாக்கன்றி வேறெதுவும் பெறலாகாது. இக்கட்டுகளுக்கு ஈடாக எந்த நிறையையும் நாம் கேட்கவில்லை. மூன்றாம் இரவு ஆட்டத்தில், ஒரே வேளையில் இரு ஊர்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்று அறியாத வீட்டுச் சிறுமிக்கு. மற்றது காணிவழக்கிற் பகைத்துப் பிரிந்த சொந்தத் தமையனுக்கு. சிறுமியின் வீட்டார் முதலில் வந்தவர்கள். பகடையை எடுக்க எவர் கையும் நீளவில்லை. அப்பாத்திரத்தை ஏற்றிருந்தவர் முன்னர் இறந்தாரைப்பற்றி வினவிய அதே நண்பர். நெடுநேரம் எண்ணியபின், சிறுமியின் வீட்டுப் பாதையைத் தெரிந்தார். போகும் வழியில் தமையனின் பெயரைச் சொல்லிக்கொண்டே நடப்பதாகக் கூறினார்.

எனவே, நெகிழ்ச்சியான மந்திரமுறையொன்றிற் பாத்திரம் ஆக்குவோர் வினைகளையும் பொருள்களையும் எண்ணுமுன் கட்டினைத் தீர்மானித்தல் வேண்டும். அக்கட்டு பேரத்தால் வந்ததாயிராது, உறவாலும் ஊராலும் வந்ததாயிருத்தல் வேண்டும். மந்திரவாதி பிறரைக் கட்டுவதைக் கண்டு நாம் வியக்கலாம். அவன் கட்டுண்டு நிற்பதைக் காணும்போதே அவனை நம்முள் ஒருவனாக அறிகின்றோம்.