48 நாளும் அதற்கு அடுத்த நாளும்

கார்த்திகை பிறந்து கழுத்தில் துளசி மாலை ஏறியதும், அதுவரை நாள் தவறாமல் குடித்த பலர் டாஸ்மாக் இருக்கும் தெருப்பக்கமே போவதில்லை. மனைவியின் அழுகைக்கும் அம்மா தலையில் அடித்துச் செய்த சத்தியத்துக்கும் கட்டுப்படாதவர், அந்த மாலைக்குக் கட்டுப்படுகிறார். ஐயப்பனுக்கு மண்டல விரதம் 41 நாள்; தமிழ்நாட்டில் 48 என்று கணக்கு வைப்பவர்களும் உண்டு. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும், சிலர் வீடு வந்து சேரும் முன்பே, பாட்டில் திறந்துவிடுகிறது. இதை வைத்து அந்த விரதத்தைக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மறுவாழ்வு மையங்கள் மெனக்கெட்டுச் சொல்லித்தரும் பல திறன்கள் அந்த 48 நாளுக்குள் இருக்கின்றன. அவை ஏன் 49ஆம் நாள் கைவிடுகின்றன என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

குடிப்பவருக்கு ஆபத்தான நேரம் பெரும்பாலும் பொழுது சாயும் வேளை. வேலை முடிந்து கூலி கைக்கு வந்திருக்கும், உடம்பு அசந்திருக்கும், வயிறு காலியாக இருக்கும், மேஸ்திரி திட்டியது மனதில் ஓடிக்கொண்டிருக்கும். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கையும் கவனித்துக்கொள் என்பதுதான் குடியிலிருந்து மீள்கிறவருக்கு முதலில் கற்றுத்தரும் பாடம். விரதம் அந்த நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது. வந்ததும் குளியல், பிறகு பூஜை, சரணம், பஜனை, கூட்டமாக உட்கார்ந்து சாப்பாடு. குடிக்கப் போகும் நேரத்தில் செய்வதற்கு வேறு வேலை இருக்கிறது, கூட ஆளும் இருக்கிறது. மூத்தவராகக் குருசாமி இருக்கிறார். தடுமாறினால் அவரிடம் போகலாம். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இயக்கமும் இதே அடித்தளத்தில் நிற்கிறது. முன்பே மீண்ட ஒருவர் புதிதாக வந்தவருக்குத் துணை நிற்கிறார்.

மாலை போட்டவர் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பு வேட்டியைப் பார்த்ததும், நேற்றுவரை ‘ஒரு கட்டிங் போடலாம் வாடா’ என்று தோளில் கைபோட்ட நண்பன் ‘சாமி, டீ சாப்பிடறீங்களா?’ என்கிறான். முதலாளியும் சாமி என்கிறார், பெற்ற பிள்ளையும் சாமி என்கிறது. ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழகுவது ஆலோசகர்களும் நோயாளிகளும் பல அமர்வுகள் போராடும் காரியம். இங்கே ஊரே சேர்ந்து அதைச் சுலபமாக்கிவிடுகிறது. குடிகாரன் என்றே பார்க்கப்பட்டவருக்கு மரியாதை கிடைப்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடப்பவர்களிடமும், தவக்காலத்திலும் ரமலானிலும் குடியை ஒதுக்கி வைப்பவர்களிடமும் இந்த வலு தெரிகிறது.

இனி குறைகளுக்கு வருவோம். அவற்றில் ஒன்று உயிரோடு விளையாடக்கூடியது. பல வருடமாகத் தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாத உருவங்கள் தெரிந்து, இடம் பொருள் தெரியாமல் பிதற்றும் நிலையும் வரலாம். கவனிக்காவிட்டால் அது ஆளையே கொன்றுவிடக்கூடும். ‘சாமி குத்தம்’ என்று திருநீறு பூசி உட்காரவைத்தால் நேரம்தான் போகும். மருத்துவமனையில் சில நாள் மாத்திரையும் தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுத்தால் பெரும்பாலும் கடந்துவிடலாம். வருடாவருடம் இப்படித் திடீரென்று நிறுத்துவதும் தொடங்குவதுமாக இருந்தால் அடுத்தடுத்த முறை வலிப்புக்கான வாய்ப்பு கூடுகிறது. ஆகவே ‘போன வருஷம் ஒண்ணும் ஆகலையே’ என்பது ஒரு தைரியமே அல்ல.

அடுத்த குறை நாள் கணக்கில் இருக்கிறது. ஹெராயின், புகையிலை, மது மூன்றையும் விட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஹன்ட், பார்னெட், பிராஞ்ச் ஆகியோர் 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் முதல் மூன்று மாதத்துக்குள் பழையபடி தொடங்கிவிடுகிறார்கள் என்பது அதில் தெரிந்தது. 48ஆம் நாள் அந்த மூன்று மாதத்தின் நட்டநடுவே விழுகிறது. மூளை இன்னும் பழைய ருசியை மறக்காத, தூக்கமும் மனநிலையும் முழுதாகச் சீராகாத கட்டத்தில் குருசாமி, பஜனை, கறுப்பு வேட்டி, மரியாதை எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. போதாக்குறைக்கு, முதல் நாளிலிருந்தே மாலை கழற்றும் தேதியை மனம் எண்ணிக்கொண்டிருக்கிறது. ‘இன்று மட்டும் குடிக்க மாட்டேன்’ என்ற ஏ.ஏ. வழக்கத்துக்கு முடிவுத் தேதி இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அது விரதத்தைவிட மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

விரதம் தரும் தப்பான நம்பிக்கை இன்னும் ஆழமாகப் பாதிக்கிறது. ‘48 நாள் இருந்தேன்ல? நான் நினைச்சா விட்டுடுவேன்’ என்கிறார். வீட்டாரும் நம்புகிறார்கள். சில வாரம் நிறுத்த முடிவது குடிநோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. குடிநோயாளிகள் பலரால் அது முடியும். தொடங்கிய பிறகு அளவோடு நிறுத்த முடிகிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அந்த 48 நாளில் ஆசை எழும்போது சாமி பயம் அதை அடக்கிவிடுகிறது; அதோடு இருந்து பார்க்க ஆள் கற்றுக்கொள்வதில்லை. உளவியலாளர் ஆலன் மார்லட் ஆசையை அலைக்கு ஒப்பிட்டார். எழும், உச்சிக்குப் போகும், எதிர்த்துச் சண்டை போடாமல் கவனித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அதை நாலு தடவை கண்டவருக்கு ஐந்தாவது தடவை பயம் குறைகிறது. ஒருமுறை தவறிக் குடித்தவர் ‘எல்லாம் போச்சு’ என்று நினைப்பதே அவரை முழுக்குடிக்குத் தள்ளுகிறது என்பதும் மார்லட் வலியுறுத்தியது. விரதத்தில் தவறினால் அது பாவம். பாவம் செய்தவருக்கு மறுநாள் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தருவதில்லை.

மாலை கழற்றியதும் மறுபடி குடிப்பதைப் பார்த்த ஏமாற்றத்தில்தான் சில வீடுகளில் குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரையைப் பொடித்துக் கலக்கிறார்கள். அது டைசல்ஃபிராமாக இருந்தால், மேலே மது போனதும் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சம்மதத்தோடும் மருத்துவர் கண்காணிப்போடும் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து அது.

மாலை போடுவதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. நிறையக் குடிப்பவர் மாலை போடும் முன் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஒருமுறை போய்வரட்டும்; 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். மூன்றாவது வாரம், தலை தெளிந்திருக்கும்போது, எந்த நேரம், எந்த ஆள், எந்தச் சண்டை தன்னைக் கடைக்குத் தள்ளுகிறது என்று குருசாமியிடமோ ஆலோசகரிடமோ உட்கார்ந்து பேசட்டும். மலையிலிருந்து திரும்பும் வேனில் யார் பக்கத்தில் உட்காருவது, முதல் சம்பளம் யார் கையில் போவது, மாலை கழற்றிய வாரத்தில் எந்த ஏ.ஏ. கூட்டத்துக்குப் போவது என்பதெல்லாம் இருமுடி கட்டும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். குருசாமிகள் தை, மாசியிலும் வாரம் ஒரு மாலை தங்கள் குழுவைப் பஜனைக்குக் கூட்டினால், முதல் மூன்று மாதத்தின் மீதி நாளும் அதிலேயே கடந்துவிடும்.