சாமிக்கு மனைவி, வீட்டுக்கு யார்?

'பேகன்' என்றால் தமிழ் படித்தவர்களுக்கு மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் நினைவுக்கு வருவான். யாங்கோனில் பிறந்த எனக்குப் பகான் நகரம்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலேயர் அதை அப்படித்தான் எழுதினார்கள். மேற்படிப்புக்காக மெல்பர்ன் வந்த பிறகுதான் அது ஒரு மதத்தையும் குறிக்கும் என்று தெரிந்தது. கிறிஸ்தவத்துக்கு முந்திய ஐரோப்பியத் தெய்வங்களை மறுபடியும் கும்பிடுகிறவர்கள். என்னோடு வீடு பகிர்ந்திருந்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். தன்பாலீர்ப்பாளர். "உங்கள் சாமிகள் எங்களைப் போன்றவர்களை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்" என்பார், கொஞ்சம் பொறாமையோடு.

இதே பேச்சை இப்போது நம்மவர் எழுத்திலும் பார்க்கிறேன். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளில் அர்த்தநாரி வருவார், சிகண்டி வருவார், கூவாகத்து அரவான் வருவார். முடிவு ஒன்றுதான்: நம் மரபில் இடம் இருந்தது, வெள்ளைக்காரன் 377ஐக் கொண்டுவந்து கெடுத்தான். பாதி உண்மை. மற்ற பாதியைப் பேச எனக்கு ஒரு படமும் இரண்டு புத்தகங்களும் வேண்டியிருக்கின்றன.

படம், லிண்ட்சே மெரிசன் 2001இல் எடுத்த 'ஃப்ரெண்ட்ஸ் இன் ஹை ப்ளேசஸ்'. பர்மாவின் நாட் தெய்வங்களையும் அவற்றை உடலில் இறக்கிக்கொள்ளும் நாட் கடோக்களையும் பற்றிய ஆவணப்படம். 'கடோ' என்றால் அதிகாரியின் மனைவி. சாமியைக் கட்டிக்கொண்டவர் என்று பொருள். இன்று இவர்களில் கணிசமானவர்கள் ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழ்பவர்கள். தொழில் நொடித்தவர், குடும்பத்தில் சிக்கல் உள்ளவர் எல்லோரும் இவர்களிடம் வருகிறார்கள். தலைப்பில் உள்ள குத்தலை மெல்பர்னில் பார்ப்பவர் தவறவிடலாம். ராணுவ ஆட்சியில் வளர்ந்தவன் தவறவிட மாட்டான். மேலிடத்தில் ஆள் இருந்தால்தான் காரியம் நடக்கும் ஊர் அது. நாட் கடோவுக்கு ஆள் மேலே இருக்கிறது. கீழே இருக்கிறதா?

தாமுவேயில் எங்கள் தெருவில் மூங்கில் பந்தல் போட்டு நாட் ப்வே நடக்கும். வட்டமாய்க் கட்டிய மேளங்கள் காலையிலிருந்து முழங்கும். எங்கள் அப்பாயி, அங்காளம்மனைத் தவிர வேறு சாமியைக் கும்பிடாதவர், பச்சைத் தேங்காயும் வாழைச் சீப்பும் கொடுத்தனுப்புவார். கேட்டால், "அதுகளும் நம்மாளுகதான்டா" என்பார். முழுக்கத் தப்பில்லை. மாண்டலேக்கு வடக்கே தௌங்பியோனில் ஆவணி வாக்கில் திருவிழா காணும் இரண்டு அண்ணன் தம்பி நாட்களின் தகப்பன் பியாட்டா, கதைப்படி, கடல் கடந்து வந்த இந்திய முஸ்லிம். அதனால் இன்றும் அங்கே பன்றிக்கறி ஆகாது. பகோடா கட்டக் கேட்ட ஆளுக்கொரு செங்கல்லை வைக்காமல் போனதற்காக அனவ்ரதா மன்னனால் கொல்லப்பட்டவர்கள் இவர்கள். வைக்காத கல்லின் வெற்றிடத்தைக் கோயிலில் இன்னும் காட்டுகிறார்கள்.

அந்தப் பந்தலில்தான் என் சித்தப்பா பிள்ளை போய்ச் சேர்ந்தது. வீட்டில் 'அவன்' என்பார்கள். குழுவில் பெயருக்கு முன்னால் 'மா' போட்டுக் கூப்பிடுவார்கள். பர்மிய மொழியில் மரியாதைச் சொல்லே பேசுபவர் யாரென்று காட்டிவிடும்: ஆண் 'கமியா' என்று முடிப்பான், பெண் 'ஷின்' என்பாள். 'ஷின்' என்று முடிப்பவரை நான் 'அவள்' என்றே எழுதுகிறேன். அவள்மேல் சாமி இறங்கியபோது சித்தப்பாவே முழங்காலிட்டுக் கும்பிட்டார். அடுத்த மாதம் மகள் கல்யாணத்துக்கு அவளை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியவரும் அவரேதான்.

இந்த இரட்டைக் கணக்கைத் தமிழில் தெளிவாக எழுதியவர் ஆ. ரேவதி. 'வெள்ளை மொழி'யில் அவர் ஊர் மாரியம்மன் திருவிழாவில் குறத்தி வேடம் கட்டி ஆடுகிறார். ஊர் ரசிக்கிறது. அதே பெண்மையை வேடமில்லாமல் வாழப் புறப்பட்டபோது அண்ணன்மாரிடம் அடி வாங்குகிறார். புத்தகத்தின் வலிமை, இதற்காக அவர் சாமியையும் குற்றம் சொல்வதில்லை, சாமியிடம் சான்றிதழும் வாங்குவதில்லை என்பதுதான். அவர் கேட்பது வேலை, வீடு, காதல். கூவாகத்திலும் பாருங்கள்: ஓர் இரவு அரவானுக்கு மனைவி, விடிந்ததும் தாலி அறுத்து வெள்ளைச் சேலை. சடங்கு கொடுக்கும் இடம் ஒரு வேடத்தின் இடம். விடிந்த பிறகு என்ன என்பது அதன் கவலை இல்லை.

'பழங்காலத்திலிருந்தே' என்பதும் பர்மாவில் அவ்வளவு நிற்காது. மெல்ஃபோர்ட் ஸ்பைரோ 1967இல் வெளியிட்ட நூலில் நாட் கடோக்கள் பெரும்பாலும் பெண்கள். இன்று நாம் வியக்கும் காட்சி பெரிதும் அதற்குப் பின் வந்தது. இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு மாறாக மதிப்புதான் கூடுகிறது. மரபு இரக்கப்பட்டுக் கொடுத்த நாற்காலி அல்ல அது. பிழைக்க வழியில்லாதவர்கள் நுழைந்து பிடித்துக்கொண்ட தொழில்.

மெல்பர்ன் நண்பரின் மதத்தில் கதை தலைகீழ். ஜெரால்ட் கார்ட்னர் 1950களில் பரப்பிய விக்காவின் அச்சாணியே ஆண்-பெண் இணை. தன்பாலீர்ப்பு ஆண்கள் தங்களுக்கென்று தனிக் குழு தொடங்க வேண்டியிருந்தது. நியூயார்க்கில் எடி புஜின்ஸ்கி 1977இல் நிறுவிய மினோவன் சகோதரர் குழு அப்படிப்பட்டது. 2011இல் கலிபோர்னியாவில் கூடிய பாந்தியாகானில் பெண்தெய்வச் சடங்கொன்றில் திருநங்கையர் சேர்க்கப்படவில்லை, பெரிய சண்டையானது. அடுத்த ஆண்டு வாசலில் உட்கார்ந்து மௌனப் போராட்டமே நடந்தது. ஆனால் அவர்கள் சண்டைபோட்டுவிட்டு வீடு திரும்பும்போது, தன்பாலுறவு அந்த நாட்டில் குற்றமாக இல்லை. அங்கே அடைத்திருந்தது சடங்கின் கதவு. நமக்கு அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது, அடைத்திருப்பது வீடும் காவல் நிலையமும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து 'நாங்கள் முன்னோடிகள்' என்று எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

காவல் நிலையம் என்று சும்மா சொல்லவில்லை. லினெட் சுவா 2019இல் எழுதிய 'த பாலிடிக்ஸ் ஆஃப் லவ் இன் மியான்மர்' இதைப் படிக்க நல்ல துணை. மியான்மரில் 377 இன்னும் இருக்கிறது. இந்தியா 2018இல் தளர்த்தியது, சிங்கப்பூர் 2022இல் தன் 377ஏவை நீக்கியது. அன்றாடத் தொல்லைக்கு அதுகூட வேண்டியதில்லை: இருட்டியபின் முகம் மறைத்தோ வேடமிட்டோ திரிபவரைப் பிடிக்க 1945ஆம் ஆண்டுக் காவல் சட்டமே போதும். பந்தலில் கும்பிட்ட ஒப்பனையைத் தெருமுனையில் பிடிக்கலாம். போன பிறவிப் பாவத்தால்தான் இப்படிப் பிறந்தோம் என்று நம்பியிருந்தவர்கள் மெல்ல உரிமை என்ற சொல்லைத் தங்களுடையதாக்கிக்கொள்வதை சுவா பொறுமையாகச் சொல்கிறார். சட்டப் பேராசிரியரின் நடை அங்கங்கே சிரமப்படுத்தும். ஆனாலும் நம் கட்டுரையாளர்கள் அரவானை அழைப்பதற்கு முன் இதைப் படிக்க வேண்டும்.

மெரிசன் படத்தை அவளுக்கு அனுப்பினேன். பல நாள் கழித்துத்தான் தாமுவேயில் மின்சாரமும் இணையமும் சேர்ந்து கிடைத்து அவள் அழைத்தாள்.

"மேளம் நல்லாருக்கு அண்ணே. ஒருத்தி ஆட்டந்தான் சரியில்ல."

சிரித்தோம். பிறகு அக்கா மகள் கல்யாணம் எப்போது என்று கேட்டாள். செப்டம்பர் என்றேன். எந்த மண்டபம், எத்தனை பேர், சேலை எங்கே எடுக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டாள். பத்திரிகை வருமா என்று மட்டும் கேட்கவில்லை.